மரத்தடிக்கு அழைத்த எச்சரிக்கை

1. நான் இந்தியாவாக இருந்த கதை

அரியலூர் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்த புதிது. கான்ட்ராக்ட் வேலை. எங்கள் பிரிவுக்குத் தலைமை மகேஸ்வரி மேடம். ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு ஒரு இன்டர்நேஷனல் மீட்டிங். ஆன்லைன்தான். எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு, நீ உக்காந்துக்க" என்றார்.

விஷயம் இதுதான். வெள்ளம், புயல், மின்னல் என்று ஆபத்து வரும்போது ஒரு பகுதியில் உள்ள எல்லாச் செல்போன்களையும் ஒரே நேரத்தில் அலற வைத்துச் செய்தி காட்டலாம். செல் பிராட்காஸ்ட் என்போம். என்ன ஆபத்து, எவ்வளவு கடுமை, எந்தப் பகுதி, என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லா நாடுகளும் ஒரே வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று பல நாட்டு ஆட்கள் கூடி விதிமுறை எழுதுகிறார்கள். கிராமத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆள் கேட்டிருந்தார்கள். வேறு ஆள் சிக்கவில்லை. நான் இந்தியாவானேன்.

ஆண்டிமடத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆங்கில வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்டர்வியூவா தம்பி? துன்னூறு வெச்சிக்கிட்டுப் போ" என்று தன் பையிலிருந்தே திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வைத்துக்கொண்டேன்.

மீட்டிங்கில் பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மையார் ஒருவர் கேட்டார்: "போன் அலறுகிற நேரத்தில் அது எங்கே இருக்கும்?" எனக்குச் சிரிப்பு வந்தது. இது ஒரு கேள்வியா? "எங்கள் மக்கள் போனைக் கையைவிட்டு இறக்க மாட்டார்கள்" என்றேன். நான் மனப்பாடம் செய்யாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். இலக்கணம் சரியாக வந்த பெருமையில் அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன்.

2. சோதனை ஓட்டம்

மின்னல் எச்சரிக்கைக்கு ட்ரையல் வைத்தார்கள். எங்கள் பக்கம் கோடை மழை என்றால் இடிதான் முதலில் வரும். வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. என் அம்மாவும் அப்படி வேலை செய்கிறவர்தான். அதனால் களத்துக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் அம்மா கடலை பறித்துக்கொண்டிருந்த கொல்லைக்கே போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனில் வரும் செய்திகளை அம்மாவுக்குப் படித்துச் சொல்வதும் நான்தான். ஆனால் அந்த போன் பகலில் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் பார்த்தேன். வரப்பு ஓரத்து முந்திரி மரத்தின் கிளைகளில் வயர் கூடைகள் தொங்கின. உள்ளே சோறு, தண்ணீர் பாட்டில், போன். கூலி வேலைக்கு ஆள் கூட்டி வரும் கொளஞ்சி அக்காவின் சட்டம் அது. "நெரையில நிக்கறப்ப போனு கூடாது. பேசிக்கிட்டே பறிச்சா பாதி கடல மண்ணுக்குள்ளயே கெடக்கும்" என்பார்.

வரப்பில் கம்பீரமாக நின்றேன். குறித்த நேரத்தில் எல்லாக் கூடைகளும் ஒன்றாக அலறின. எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த நொடி, கடலைக் கொடிகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் மரத்தை நோக்கி ஓடினார்கள்.

"ஏய், என்னோடதுதான் கத்துது!"

"ஒன்னோடது மட்டுமா? எல்லாந்தான் கத்துது. அமுக்குடி, வெடிச்சித் தொலைக்கப் போவுது!"

பத்தாவது வரை படித்த ஒரு பெண் மரத்தடியில் நின்று திரையைச் சத்தமாகப் படித்தாள். "இது சோதனைச் செய்தி. இடி மின்னல். மரத்தடியில் நிற்காதீர்கள்."

எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கொளஞ்சி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, மரத்தடிக்கு வரவெச்சி, மரத்தடியில நிக்காதன்னு சொல்றதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மகன் என்ற சலுகை கொஞ்சமும் இல்லை.

3. ரிமார்க்ஸ்

"எல்லா போன்லயும் வந்துச்சா?" என்றார் மேடம்.

"வந்துச்சு மேடம்."

"அப்ப சக்சஸ்னு போட்டு அனுப்பு."

"மரத்தடிக்கு ஓடுனாங்க மேடம்."

"ஓடுனாங்கன்னா கேட்டிருக்குன்னு அர்த்தம்ப்பா."

வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமான மின்னல் நாளில் என் அலாரமே என் அம்மாவை மரத்தடிக்குக் கூட்டிப்போகும். "சக்சஸ்" என்று எழுதி, கீழே ரிமார்க்ஸில் நடந்ததை எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "கான்ட்ராக்ட் ரினியூவல் நேரத்துல ஒனக்கு எதுக்குப்பா இது?" என்றார். ஆனால் அந்த வரிகளை அடித்துவிடாமல் அப்படியே அனுப்பிவிட்டார்.

அடுத்த மீட்டிங்கில் என் மனப்பாடம் முழுக்கப் பறந்துவிட்டது. "போன் மரத்தில். பெண்கள் வயலில். போன் கத்தும். பெண்கள் மரத்துக்கு" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். ஒரே அமைதி. லைன் போய்விட்டது என்று நினைத்து நிம்மதியடைந்தேன். போகவில்லை. பிலிப்பைன்ஸ் அம்மையார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஊர் நெல்வயலில் போனைச் செருப்போடு சேர்த்து மரத்தடியில் வைப்பார்களாம். மொசாம்பிக் நாட்டுக்காரர், தங்கள் ஊரில் மாமரம் என்றார். வரைவில் ஒரு வரி சேர்ந்தது: சோதனையின்போது போன் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். முதல் மீட்டிங்கில் நான் சிரித்த அதே கேள்வி.

4. கூப்பிட முடியாத போன்

அந்தக் கடலைக் கொல்லையில் மூட்டை அடுக்க, கான்கிரீட் தளம் போட்ட ரூம் ஒன்று உண்டு. கூடைகளை அங்கே வைக்கச் சொன்னேன்.

"அங்க எலி. சோத்தத் தின்னுட்டா ஒங்க மேடமா வந்து போடும்?" என்றார் அம்மா.

"வெச்சிப் பாப்பம்" என்றார் கொளஞ்சி அக்கா. வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து மத்தியானத்துக்கு முன்பே மேகம் கருத்தது. நிஜ எச்சரிக்கை போனது. திரையில் அதன் எல்லைக்கோடு ஆண்டிமடத்தைச் சுற்றியிருந்தது. சட்டென்று போனை எடுத்து அம்மாவின் நம்பரைத் தேடினேன். அழுத்தப் போகும்போதுதான் உறைத்தது. கூடை இன்னும் மரத்தில் இருந்தால், அலாரத்துக்குப் போகாமல் நிற்கும் அம்மாகூட மகன் கூப்பிடுகிறான் என்று மரத்தடிக்கு ஓடுவார். தகவல் தொடர்பு படித்தவன், கையில் போனை வைத்துக்கொண்டு, தகவல் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் மேடம். எல்லைக்கோட்டுக்குள் இருந்த ஆண்டிமடத்தைக் காட்டினேன். அவர் என் திரையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் போன் அடித்தது.

"டேய் ராசா, எலி சோத்தத் தின்னுடுச்சிடா!"

"எங்கம்மா இருக்க?"

"எங்க இருப்பன்? நீ சொன்ன ரூம்புலதான், எல்லாருந்தான். இரு, கொளஞ்சி பேசுதாம்." பின்னால் இடி இறங்கும் சத்தம் போனைக் கிழித்தது. அதையும் மீறிக் கொளஞ்சி அக்காவின் குரல்: "தம்பி, சோத்துக்கு என்னா வழி?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அலாரம் ஆளை விரட்டுவதில்லை, தன்னிடம் அழைக்கிறது. எங்கே அழைக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிப் போனேன். கூடவே, எலி திறக்க முடியாத இறுக்கமான மூடி போட்ட டப்பாக்கள். எந்த நாட்டு விதிமுறையிலும் இதற்கு இன்னும் இடம் இல்லை. அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றிருக்கிறேன்.