கீழ்த்தளத்து விரிப்புகள்

ஒடெசா கிம்ப்ரோ தேவாலயத்தில்கூடக் கதவோரத்து இருக்கையில்தான் உட்காருவாள். பிரசங்கம் பாதியைத் தாண்டினால் எழுந்து வெளியே போய் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவாள். பட்டாணி உரிப்பது, கடிதம் படிப்பது, சண்டை போடுவது எல்லாமே நின்றபடிதான். "என் பொண்டாட்டி காலுக்கு அடியில யாரோ அடுப்பு பத்த வெச்சிருக்காங்க" என்பது அவள் கணவன் ராஸ்கோவின் பழைய கேலி. 1966ஆம் வருஷத்து ஜூன் மாதத்தில் அவன் அந்தக் கேலியைச் செய்வதில்லை. அதற்கும் மூச்சு வேண்டுமே.

எங்கள் ஹார்வெல் மருத்துவமனையின் சலவையறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. மேலே இரண்டு மாடி வெள்ளைக்காரர்களுக்கு. கீழே, மண்ணுக்குள் பாதி புதைந்த தளத்தில், கொதிகலன் அறைக்கும் சலவையறைக்கும் நடுவே பன்னிரண்டு கட்டில் கறுப்பர்களான எங்களுக்கு. தெற்கு ஜார்ஜியாவின் கோடையில் தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய் ஓடும் அறையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லி என்ன பயன்?

விரிப்புகளிலும் மேல், கீழ் உண்டு. புது விரிப்பு மேலே போகும். நைந்து நைந்து நடுவில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக் கீழே தள்ளிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒடெசாவுக்குக் கொடுத்த முதல் வேலையே அந்தத் தையல்தான். இரண்டும் ஒன்றாக வேகக் கூடாது, ஒன்றாகக் காயக் கூடாது, ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஆனால் இரண்டையும் துவைத்தது ஒரே ஜோடிக் கறுப்புக் கைதான். அது மட்டும் யாரையும் உறுத்தவில்லை.

ராஸ்கோ காகித ஆலைக்கு மரம் வெட்டிய ஆள். அறுபத்தாறு வயதில் இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, ஏப்ரல் முதல் கீழ்த்தளத்தில் கிடந்தான். கட்டிலை மூடி ஆக்ஸிஜன் விடும் மூச்சுக்காற்றுக் கூடாரம் மருத்துவமனையில் இரண்டே இரண்டு. இரண்டும் மேலே. ஒன்று எப்போதும் சும்மாதான் நின்றது, ஆனால் படியிறங்கி வராது. ஒடெசா சலவைக்கு நடுவில் ஓடிப் போய் அவனை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு ஓடி வருவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஜனாதிபதி ஜான்சனின் சட்டம் வந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து அறுபத்தைந்து தாண்டியவர்களின் மருத்துவச் செலவை அரசாங்கமே ஏற்கும். ஆனால் கறுப்பர், வெள்ளையர் என்று வார்டு பிரிக்கும் மருத்துவமனைக்கு ஒரு காசு கிடையாது. ராஸ்கோவுக்கு அதற்கான அட்டை வந்துவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஹார்வெல் அரசாங்கத்தின் சோதனையில் தேறாவிட்டால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அறுபது மைல் போக வேண்டும். அவனால் அறுபது அடிகூட நடக்க முடியாது.

அதே ஜான்சன்தான் அவர்களுடைய ஒரே மகன் கிளியனை வியட்நாமுக்கு அனுப்பியிருந்தார். தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்து அங்கே கடலோர ராணுவ மருத்துவமனையில் இருந்தான். அவன் கடிதத்தை ஒடெசா இஸ்திரி மேசைக்கும் கொதி தொட்டிக்கும் நடுவில் நடந்தபடியே லுவீனியாவுக்குப் படித்துக் காட்டினாள். லுவீனியா இஸ்திரிக்காரி, உடம்பும் வாயும் பெரிசு.

"பக்கத்துக் கட்டில்ல மிசிசிப்பி வெள்ளைக்காரப் பையனாம். இவன் கொறட்டை விடுறான்னு தெனம் அவன்கூடச் சண்டையாம்."

"அந்த வெள்ளைப் பையன் ஆத்தாளுக்கு இது தெரியுமா?" என்றாள் லுவீனியா. "தெரிஞ்சா அவளும் ஒரு கட்டில் கேப்பா, மயக்கம் போட்டு விழ."

"சிரிக்காத. அங்க செத்துப்போறதுக்கு ஒரே வரிசையில படுக்கப் போடுறாங்க. இங்க பொழைக்கிறதுக்குப் போட மாட்டேங்குறாங்க. அந்த டெக்சாஸ்காரரு ஜான்சன் ஒரு கையால என் புள்ளயப் புடிச்சுக்கிட்டுப் போனாரு, இன்னொரு கையால என் புருஷனுக்குக் கட்டில் தரேங்குறாரு. நான் எந்தக் கையப் புடிக்கிறது, எந்தக் கையக் கடிக்கிறது?"

"ரெண்டையும் வுட்டுட்டு அந்தக் கூடையத் தூக்குக்கா. நர்ஸ் கத்தப் போறா."

ஜூன் பதினாறு, வியாழக்கிழமை. அட்லான்டாவிலிருந்து சோதனைக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள் என்று செய்தி. புதன்கிழமை காலையிலேயே நிர்வாகி டார்ல்டன் வேலையில் இறங்கிவிட்டார். கீழே இருந்தவர்களில் அமைதியானவர்களாக ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, குளிப்பாட்டி, மேல்மாடியில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒன்று விட்டு ஒன்றாகப் படுக்கவைத்தார். ராஸ்கோவும் அதில் ஒருவன். இரண்டு வெள்ளைக்காரர்கள் அப்போதே கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சம் ஆறு பேர் தூக்க முடியாத நிலையில் இருந்தவர்கள். அவர்களைக் கீழேயே விட்டுக் கதவைப் பூட்டி, 'பழைய சாமான்' என்று ஒரு பலகையை மாட்டினார்கள். அதில் ஒருத்தி முந்தின நாள்தான் வயிற்றில் கத்தி வைத்துப் பிள்ளை பெற்றவள். குழந்தையை அழவிடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பூட்டினார்கள்.

டார்ல்டன் சலவையறைக்கே நேரில் வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் இரண்டாவது தடவை.

"ஒடெசா, நல்லா கேட்டுக்கோ. ராஸ்கோவுக்குக் காத்துக் கூடாரம் போட்டாச்சு."

"பாத்தேன், சார். ரொம்ப நன்றி, சார்."

"நாளைக்கு எல்லாம் ஒழுங்கா முடிஞ்சா அவன மேலயே வெச்சிருக்கப் பாக்குறேன். மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது. அவன மட்டும். புரியுதா?"

"புரியுது, சார்."

அவர் போன கையோடு தலைமை நர்ஸ் குரோடர் படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒடெசா! மேல வந்திருக்குற உன் ஆளுங்களுக்கு உன் விரிப்பையே அனுப்பு. என் விரிப்போட கலந்துடாத. வெள்ளிக்கிழமை யாரு உக்காந்து பிரிக்கிறது?"

லுவீனியா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒடெசாவைப் பார்த்தாள். ஆட்களைக் கலந்துவிட்டார்கள். விரிப்பைக் கலக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லும்போதுகூட விட முடியாத பழக்கம்.

வேலை முடிந்ததும் ஒடெசா பின்படி வழியாக ஏறி ராஸ்கோவைப் பார்க்கப் போனாள். கூடாரத்துக்குள் அவன் முகத்தில் சாம்பல் நிறம் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீதிமன்றத்துக் கடிகாரம் தெரிந்தது.

"மணி ஆறு பத்து," என்றான். "நானே பாத்துச் சொல்றேன். ரெண்டு மாசமா இது பகலா ராத்திரியான்னே தெரியாமக் கெடந்தேன்."

அவள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஓரத்தை இழுத்துவிட்டாள், மறுபடி இழுத்துவிட்டாள்.

"நில்லு ஒடெசா. தலை சுத்துது எனக்கு. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு."

"கீழ ஆறு பேரப் பூட்டி வெச்சிருக்காங்க, ராஸ்கோ."

"தெரியும். நானும் அங்கதான் கெடந்தேன். எனக்காக எவன் வாயத் தொறந்தான்?" மூச்சு வாங்கிக்கொண்டான். "நாப்பது வருஷம் மரம் வெட்டினேன், உன்கிட்ட எதுவும் கேக்கல. இத மட்டும் கேக்குறேன்."

சரி என்றாள். அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள் என்பது என் எண்ணம். பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு மனிதர், ஒஹாயோ பக்கத்து இளம்பெண் ஒருத்தி. மேலே சுற்றிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிட எண்ணம். அந்தப் பெண்தான் சலவையறையையும் பார்க்க வேண்டும் என்றாள். டார்ல்டன் கூடவே இறங்கி வந்தார்.

ஒடெசா மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியவில்லை. இடப்பக்கம் ஓர் அடுக்கு, வலப்பக்கம் ஓர் அடுக்கு. பழகிய கை தானாகப் பிரித்துப் போட்டது. அந்தப் பெண் இரண்டு அடுக்கையும் பார்த்துவிட்டு வலப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து விரித்தாள். ஓரத்தைத் தடவினாள்.

"மேல சில கட்டில்ல இந்தத் தையலப் பாத்தேனே?"

"அளவுக்கு வெச்ச அடையாளம்," என்றார் டார்ல்டன். "சின்னது, பெரிசு."

அவள் இரண்டு விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அளவு ஒன்றுதான்.

"மிசஸ் கிம்ப்ரோ, நீங்க சொல்லுங்க. இது என்ன?"

சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள். அந்தக் கட்டிடத்தில் வெள்ளைக்கார வாய் ஒன்று அவளை 'மிசஸ்' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் அதில் மயங்கித்தான் ஒடெசா பேசினாள் என்று ஊரில் சிலர் சொல்வது தப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். இருமி, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பொத்திய இருமலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அது கறுப்பங்க விரிப்பு, அம்மா," என்றாள். "மேல இருக்குற எங்க ஆளுங்க நேத்துக் காலையில போனவங்க. நாலாம் நம்பர் கட்டில்ல இருக்கறது என் புருஷன். மிச்சம் ஆறு பேரும் ஒரு பச்சக் கொழந்தையும் அந்தப் பலகைக்குப் பின்னால இருக்காங்க. சாவி சாரோட பையில இருக்கு."

டார்ல்டனின் முகம் விரிப்பைப் போல வெளுத்தது. சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே அடித்த அனலில் கண்ணாடிக்காரரின் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. அதன் பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

மருத்துவமனை தேறவில்லை. அன்று சாயங்காலமே மேலே ஏற்றிய ஆறு பேரையும் கீழே இறக்கினார்கள், ராஸ்கோவை முதலில். அடுத்த நாள் ஒடெசாவின் வேலை போனது. இனி அவள் வெறும் பார்வையாளர். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள்.

ராஸ்கோ நான்கு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தான். ஐந்தாம் நாள் கேட்டான்.

"அந்தக் கொழந்தை அழுதுச்சா?"

"இல்ல. தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

"அப்போ நீ பேசாம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் அவன் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். டார்ல்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பாரா, மாட்டாரா? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஜூலை முழுக்க வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே, வெயில் உருக்கிய தார்ச் சாலையில், பார்வை நேரம் முடிந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தாள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கைகுலுக்கினார்கள். மீதிப்பேர் சாலையின் மறுபக்கம் போனார்கள். அவர்கள் வீட்டிலும் அட்டை வைத்திருந்த கிழவர்கள் இருந்தார்கள்.

ராஸ்கோ ஜூலை முப்பதாம் தேதி கொதிகலன் பக்கத்துக் கட்டிலில் இறந்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு, அவன் சாகும்வரை, இருவரும் பேசாமல் இல்லை. வானிலை, கிளியன், சோள ரொட்டியில் உப்பு என்று பேசினார்கள். மன்னித்தேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பதினாறில் ஹார்வெல் மறுசோதனையில் தேறியது. பணம் இல்லாமல் ஏழு வாரம்கூட அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கீழ்த்தள வார்டு நிஜமாகவே சாமான் அறையானது. அந்தக் குழந்தையின் தாய் வயிற்றுத் தையல் பழுத்துத் திரும்பி வந்தபோது முதல் மாடியில் ஜன்னலோரம் படுத்தாள். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரி முதலில் திரை கேட்டாளாம். மூன்றாம் நாள் குழந்தையைக் கேட்டாளாம். லுவீனியா ஓடி வந்து சொன்னாள்.

"நீ சொன்னதாலதான்க்கா இது," என்றாள்.

"ஆமா," என்றாள் ஒடெசா. "அதுவும் நான் சொன்னதாலதான், இதுவும் நான் சொன்னதாலதான்."

அந்த வாரமே கிளியனின் கடிதம் வந்தது. அப்பா போன செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. கால் ஆறிவிட்டது, திங்கட்கிழமை மறுபடியும் படைப்பிரிவுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. 'அம்மா, புதுச் சட்டம் அங்கேயும் வந்துவிட்டது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அப்பா மேலேதானே இருந்தார்? மிசிசிப்பிக்காரனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.'

ஒடெசா சமையலறை மேசைமேல் குனிந்து பதில் எழுதினாள். ஆமாம் கண்ணு, மேலேதான். ஜன்னலோரக் கட்டில், நாலாம் நம்பர். காற்றுக் கூடாரம் போட்டிருந்தார்கள். முகத்தில் சாம்பல் நிறம் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்து எனக்கே மணி சொன்னார். எழுதியதில் நடக்காதது ஒன்றுகூட இல்லை. ஒன்றரை நாள் நடந்ததை ஒன்றரை மாதமாக எழுதினாள், அவ்வளவுதான். மை காய்வதற்குள் மடித்து உறையில் போட்டு, படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவோம் என்ற பயத்தில், செருப்புக்கூடப் போடாமல் தபால் நிலையத்துக்கு நடந்தாள்.