பட்டுன்னா பிடி

1. வெளியே உட்கார்ந்தவன்

முழங்கால் லிகமென்ட் கிழிந்து நான் ஆட முடியாமல் போனதும், ஓசூரில் எங்கள் கம்பெனி எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டு, "ஆடினது போதுங்க. இனி கபடி டீமுக்கு நீங்கதான் மேனேஜர்" என்றார். சந்தோஷப்பட நேரம் கொடுக்கவில்லை. "இந்த டோர்னமென்ட்லயும் முதல் ரவுண்டோட திரும்பி வந்தீங்கன்னா டீமைக் கலைச்சிடுவேன். எல்லாரும் ஷிப்டைப் பாக்க வேண்டியதுதான்."

முதல் நாள் ப்ராக்டீஸிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. லெஃப்ட் கார்னரில் பேரிகை ஊர்க்காரன் நாகராஜ், வீட்டில் தெலுங்கு. அவனோடு கை கோத்து நிற்பவன் திருநெல்வேலிக்காரன் பாண்டி. ரெய்டர் உள்ளே வந்ததும் நாகராஜ் "பட்டு, பட்டு" என்று கத்திக்கொண்டே காலில் பாய்ந்தான். பாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். ரெய்டர் நாகராஜையும் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான்.

"பட்டுன்னா பிடிடா" என்றான் நாகராஜ், மண்ணைத் தட்டியபடி.

"எனக்கு எப்படிலே தெரியும்? எங்கூர்ல பட்டுன்னா சேலை" என்றான் பாண்டி.

எல்லாரும் தமிழில்தான் கத்த வேண்டும் என்று சட்டம் போட்டேன். பலிக்கவில்லை. பதற்றத்தில் அவரவர் வீட்டு பாஷைதான் வாயில் வந்தது.

2. பிரஸ் ஷாப்பில் பார்த்தது

அந்த வாரம் பிரஸ் ஷாப் பக்கம் போனேன். அங்கே இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லார் காதிலும் இயர்பிளக். அதே நாகராஜும் பாண்டியும், தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் கனமான இரும்பு டை ஒன்றை மெஷினுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இவன் தலையசைத்தால் அவன் தள்ளினான். அவன் முழங்கையால் இடித்தால் இவன் நிறுத்தினான். ஒரு பிசகு இல்லை.

சாயங்காலம் டீமிடம் சொன்னேன்: "இனிமே பிடிக்கறப்ப ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாது. கோத்த கையை அமுக்குங்க, போதும்."

"வாயத் தொறக்காம கபடியாண்ணே?" என்று பாண்டி சிரித்தான். ஆனால் செய்தான்.

முதல் ரவுண்டு. கடைசி ரெய்டு, ஸ்கோர் சமம். எதிர் டீமின் பெரிய ரெய்டர் எங்கள் லெஃப்ட் கார்னரைக் குறிவைத்து வந்தான். முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றேன். எங்கள் பக்கம் சத்தமே இல்லை. அவன் காலை நீட்டிய நொடியில் நாகராஜ் கணுக்காலில், பாண்டி இடுப்பில். ஆள் அசைய முடியவில்லை.

அடுத்த ரவுண்டில் நன்றாகவே உதை வாங்கினோம். இருந்தாலும் டீம் தப்பித்தது.

மேனேஜர் என்றால் நிறையச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆட்கள் எதை ஏற்கெனவே சரியாகச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் பாதி வேலை என்று அப்போது புரிந்தது.

திரும்பும் வேனில் இருவரிடமும் கேட்டேன்: "அந்த ரெய்டுல கையை மொதல்ல அமுக்கினது யாருடா?"

"இவன்தாண்ணே" என்றார்கள், இரண்டு பேரும் ஒன்றாக.