தங்கசாமி சாரும் சிவப்புக்கீரைப் பாத்தியும்

தங்கசாமி சார் போய்விட்டாராம். காலையில் போனில் சொன்னார்கள்... இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை.

நெய்வேலியில் பாட்டனி வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் நான் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் போய் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் கீரை விற்பேன். கூடையை ஏற்ற கண்டக்டரோடு தினம் சண்டை... அது பெரிய கதை, விடுங்கள்.

இந்த மனுஷர் கீரைக்குக் கல்யாணம் பண்ணி வைப்பார். சிவப்புத் தண்டுக்கீரையையும் பச்சையையும் சேர்த்து, வேறு பூத்தூள் படாதபடி கதிருக்குக் காகிதப் பை மாட்டி...

அவர் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் விழுந்து இலை நிறமே தெரியாது. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். "எங்க பாத்தியில போடுங்க சார், பாக்க சகிக்கல" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

கல்யாணம் பண்ணின விதையில் முதல் விதைப்பு மொத்தமும் சிவப்பு. அந்த விதையை மறுபடி போட்டால் நடுநடுவே பச்சையும் வருமாம். இலை நிறமும் தண்டு நிறமும் ஒன்றாக வருகிறதா, பிரிகிறதா என்று பார்த்து எழுதினால்தான் டாக்டர் பட்டம். அதற்காகவே லீவெல்லாம் கரைத்தவர்.

இரண்டாம் விதைப்பு எங்கள் பாத்தியில் முளைத்தது. சார் பரீட்சை டியூட்டி முடிந்து வருவதற்குள் என் வீட்டுக்காரர் பச்சையை எல்லாம் பிடுங்கிவிட்டார். சிவப்புப் பாத்தியில் பச்சை நின்றால் கலப்பு விதை என்று ஊரே சிரிக்கும். எங்கள் பக்கம் யாரும் விட்டுவைப்பதில்லை.

சார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"பச்சை எங்கங்க?"

"களைஞ்சிட்டேன் சார். ஒண்ணு வுடல. எவ்ளோ சுத்தமா கீது பாருங்க."

"அதுதாங்க எனக்கு வேணும். தொடாதீங்கன்னு சொன்னேனே..."

"கலப்பு எடுக்காம இன்னா பயிரு சார் அது?"

"பிடுங்கினதாவது எங்க?"

"மாடு தின்னுட்சி."

சார் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரைத் திட்டுவதா, அவரைத் திட்டுவதா... எனக்குத் தலையே வெடித்தது.

நல்லவேளை, விதையில் பாதியை சார் எடுத்து வைத்திருந்தார். மறுபடி போட்டோம். பச்சை முளைக்க முளைக்க என் வீட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. பாத்திக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சார் குனிந்து குனிந்து எழுதினார். கடைசியில் நிமிர்ந்து, "இலை நிறமும் தண்டு நிறமும் ஒட்டிக்கிட்டேதாம்மா வருது" என்றார், பிள்ளை பிறந்த மாதிரி. எனக்கென்ன தெரியும், தலையாட்டினேன்.

"முடிஞ்சிதா சார்? இப்பனாச்சும் புடுங்கலாமா?" என்றார் இவர், திரும்பாமலே.

"பிடுங்கலாம், வாங்க."

இரண்டு பேருமாகச் சேர்ந்து பொழுது சாய்வதற்குள் பச்சையை எல்லாம் பிடுங்கினார்கள். ஒரு கட்டு சார் வீட்டுக்கு.

எங்களை என்ன பாடு படுத்தினீங்க சார்... போங்க, நிம்மதியாப் படுங்க.