ஸ்தெஃபா கொண்டுவந்த காட்டெருமை நோட்டு

முப்பத்தொரு வருடம் வனக்காவலராக இருந்தவர் லியாவோன். மரத்தின் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தே, நேற்று வெட்டியதா போன வாரம் வெட்டியதா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சந்தேகப் புத்தி ஓயவில்லை. கடையில் வாங்கும் ரொட்டியைக்கூடக் கையில் தூக்கி எடை பார்ப்பார்.

சோவியத் உடைந்து பெலாரூஸ் தனி நாடான மறுவருடக் கோடையில் சொந்த நோட்டு வந்தது. ஒன்பது வருடமாக அவருக்குப் பென்ஷன் கொண்டுவரும் தபால்காரி ஸ்தெஃபா, மேசையில் நாலு நோட்டுகளை வைத்தாள். காட்டெருமைப் படம் போட்ட நூறு, கடமான் போட்ட இருபத்தைந்து, காட்டுப்பூனை போட்ட பத்து, ஓநாய் போட்ட ஐந்து.

"என் பென்ஷன் ஆயிரத்து நானூறு ரூபிள். இது நூத்தி நாப்பதுதான் இருக்கு."

"நோட்டுல ஒண்ணுன்னு போட்டிருந்தா பத்துன்னு கணக்கு மாமா."

"அப்போ பத்துன்னே அச்சடிக்க வேண்டியதுதானே?"

"அத அச்சடிச்சவன கேளுங்க. கையெழுத்து போடுங்க."

"மிச்சம் எங்க போச்சு ஸ்தெஃபா? உன் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டியே, அதுலயா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. ரசீதை அவர் பக்கம் தள்ளினாள். லியாவோன் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'நூற்று நாற்பது மட்டும்' என்று எழுதினார்.

ஊர்க் கடைக்காரி பவுலினா, ஓநாய் நோட்டை ஐம்பதாகவே வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் ஸ்தெஃபாவின் நாத்தனார். இவளும் கூட்டு என்று முடிவு கட்டினார் லியாவோன். மறுநாள் பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத லெபெல் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு கடையில் காட்டுப்பூனையை நீட்டினார். தொத்திறைச்சியும் சில்லறையும் சேர்ந்து சரியாக நூறு ரூபிளுக்கு வந்தன. நம்பாமல் இன்னொரு கடையில் கடமானை நீட்டினார். அங்கேயும் அதை இருநூற்றைம்பதாகவே வாங்கிக்கொண்டார்கள். மிச்சக் காசில் ஒரு பெட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அவர் நீட்டிய மிட்டாயை ஸ்தெஃபா தொடவில்லை. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்கு அழைத்து வந்தாள். ஒவ்வொரு நோட்டாகத் தூக்கிக் காட்டி, தொகையைச் சொல்லி, அவர் கையாலேயே எழுத வைத்தாள்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போயேன்."

"அதுல என்ன கலந்திருக்கீங்களோ மாமா, யாரு கண்டா."

மாதா மாதம் இதே கதை. வசந்தத்தில் சாட்சிக்காரி மகள் வீட்டுக்குப் போய்விட, ஸ்தெஃபா தனியாக வந்தாள். லியாவோன் எதுவும் கேட்காமல் இரண்டு கோப்பை ஊற்றினார்.

"முதல்ல நீங்க குடிங்க," என்றாள்.

அவர் குடித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.