ஹீப்புக்கு எவ்வளவு இடம் கொடுப்பது

என் வேனில் வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், டீச்சரிடம் காட்டிவிடாதீர்கள்.

உங்கள் அம்மாக்கள் போனில் ஒரு சின்ன மஞ்சள் வண்டி நகர்வதைப் பார்த்துவிட்டுத்தானே உங்களை ரோட்டுக்கு அனுப்புகிறார்கள்? அந்த ஆப்பைச் செய்தவள் என் மகள். படிப்பை முடித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல் இலுப்பூரிலேயே தொழில் செய்கிறேன் என்று நின்றாள். எங்கள் வேன் முதலாளிதான் அவளை நம்பி வேலை கொடுத்த முதல் ஆள்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் அந்த ஆப் காலை எட்டு மணி ஆனால் படுத்துவிடும். பிள்ளைகள் வண்டி வரும் நேரம் தெரியாமல் நனைந்துகொண்டு நிற்பார்கள். முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தாயி, கோவிச்சுக்காதே. திங்கக்கிழமையும் இப்படின்னா இதை விட்டுருவோம். பழையபடி போன்லயே சொல்லிக்கிறோம்."

"சரிங்கய்யா" என்றாள். அவர் போன பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். அந்த ஒரு வேலையும் போனால் சென்னைக்குத்தான் பெட்டி கட்ட வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என்னதான் கோளாறு என்று கேட்டேன். அவள் விளக்கியது இதுதான். சர்வர் என்பது எங்கோ இருக்கும் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர். அதற்கு நாலு ஜிபி மெமரி. நம் ஆப் ஓடும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் அந்த மெமரியில் ஒரு பகுதியில் போட்டுவைக்கும். அந்தப் பகுதிக்குப் பெயர் ஹீப். இவ்வளவுதான் எல்லை என்று நாம் சொல்லாவிட்டால், அதுவாகவே நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுமாம். மழையில் எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் அது நிரம்பிவிடுகிறது. "ஹீப்பில் இடமில்லை" என்று எழுதிவைத்துவிட்டு ஆப் விழுந்துவிடுகிறது.

"அப்ப மிச்சம் மூணு பங்கு சும்மாவா கெடக்கு?"

"ஆமாப்பா."

"பெறகு என்ன ஆத்தா கஞ்சத்தனம்? முழுசையும் குடுத்துவிடு."

அவளும் அலுப்பில் அப்படியே எல்லையை நாலாக வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் ஒரு ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினேன். குடைக்குள் இருந்த அம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னண்ணே, போன்ல நீங்க இன்னும் பெட்ரோல் பங்க்லயே நிக்கிறீங்க?"

"நான் இங்கதான் நிக்கிறேன் தாயி. வேணும்னா தொட்டுப் பாருங்க."

இந்தத் தடவை ஆப் ஒரு வார்த்தை எழுதிவைக்காமல் மாயமாகியிருந்தது. சாயங்காலம் மகள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஹீப் வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டதால், மற்ற வேலைக்கு மெமரி இல்லாமல் கம்ப்யூட்டரே ஆப்பை நிறுத்தியிருந்தது.

"ஒங்க வேன்ல கியருக்குப் பக்கத்துல, பிரேக்குக்கு மேலன்னு பிள்ளையள உக்கார வச்சுக்கிட்டு ஓட்டுவீங்களாப்பா?"

"லைசென்ஸே போயிரும்."

"அதேதான். ஹீப்புக்கு வெளியேயும் ஆப்புக்கு எடம் வேணும். மெஷினுக்கும் வேணும்."



சனிக்கிழமை எல்லையைக் குறைத்தாள். ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. எவ்வளவு தேவை என்று அளக்காமல் வைப்பது வெறும் குருட்டாம்போக்கு என்றாள். ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரி இன்னொரு சர்வரை வாடகைக்கு எடுத்து, பொய் வேன்களை ஓடவிட்டு, பொய் அம்மாக்களையும் உண்டாக்கினாள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்தார்கள்.

"ஒரு அம்மா சொல்றதையே கேக்க மாட்டேங்கிறா, இதுல இத்தனை அம்மாவாம்" என்றாள் என் வீட்டுக்காரி, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே.

ஹீப் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் கோடு ஒன்று திரையில் ஏறியது. ஆப் தனக்குத் தேவையில்லாததை அவ்வப்போது தானே கூட்டித் தள்ளும். அப்போது கோடு இறங்கும். ஏறுவதும் இறங்குவதுமாகப் பார்ப்பதற்கு ரம்பப் பல் போல இருந்தது.

"மேல பாக்காதீங்கப்பா. கூட்டித் தள்ளுன பெறகு எவ்வளவு மிஞ்சுதுன்னு கீழ பாருங்க."

கீழே உள்ள முனை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தது.

"எல்லையைக் கூட்டிக்கிட்டே போனா?"

"விழுற நாளைத் தள்ளிப் போடலாம். விழாம இருக்காது."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கோளாறைப் பிடித்துவிட்டாள். முடிந்துபோன பயணங்களில் வண்டி நின்ற இடம், போன இடம் எல்லாவற்றையும் ஆப் விடாமல் பிடித்து வைத்திருந்தது. பிடித்து வைத்திருப்பதைத் தேவை என்று நினைத்து, கூட்டுகிற வேலை அதைத் தொடவில்லை. பயணம் முடிந்ததும் விட்டுவிடும்படி மாற்றி எழுதினாள். கீழ் முனைகள் ஒரே மட்டத்தில் நின்றன. உச்சத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, எல்லையை இரண்டு ஜிபி என்று வைத்தாள். பாதி கம்ப்யூட்டர் காலியாக இருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை நல்ல மழை. நான் திரும்புகிற ஒவ்வொரு திருப்பத்திலும் சரியாக ஒரு கதவு திறந்து, குடையும் பையுமாக ஒரு பிள்ளை இறங்கி வந்தது. ஒருவரும் எனக்குப் போன் செய்யவில்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாயி, பொன்னமராவதியில ஓடுற நம்ம வண்டியளையும் இதுல சேத்துரு. நாளைக்கே."

சரி என்று சொல்லச் சொல்லி நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"சேத்துரலாங்கய்யா. ஆனா நாளைக்கு வேணாம். அத்தனை வண்டிக்கு எவ்வளவு எடம் வேணும்னு ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

போச்சு என்று நினைத்தேன்.

"சரி, பாத்துட்டே சொல்லு" என்றார் அவர். "பாக்காம ஓட்டி நானும் ஒரு வாரம் பட்டாச்சு."

பொன்னமராவதிப் பிள்ளைகள் அந்த ஞாயிறு வரை ரோட்டில் குடையோடு காத்து நின்றார்கள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.