பிளாஸ்திரி ஒட்டிய பெட்டி

எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. ஐஸ் அடுக்கி, ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களைக் கொண்டுபோகிற பெட்டி. மூடியைச் சுற்றி ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி பழுப்பேறிவிட்டது. நாலு வருடமாக அதை நான் திறக்கவில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறவன் நான். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வண்டி ஓட்டத்தான் தெரியும். காய்ச்சல் பரவும் ஊர்களுக்குப் போய் ரத்தம் எடுத்து, அது எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி மேடத்துக்கு ஆறு வருடம் ஜீப் ஓட்டினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவார். “மொத நாலஞ்சு நாளுதாண்ணே அது ரத்தத்துல இருக்கும். விட்டா ஆளு தப்பிச்சிரும்” என்பார், திருடனைப் பற்றிச் சொல்வது போல. பகலெல்லாம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவார். அந்தத் தூக்கத்திலும் ஒரு கை பெட்டியின் மேல் இருக்கும்.

தாடிக்கொம்பு தாண்டி, பூ விவசாயம் செய்கிற ஒரு கிராமம். மூட்டு மூட்டாக வீங்கி வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்துவிட்டார்கள். பறிக்க ஆளில்லாமல் மல்லிகை செடியிலேயே மலர்ந்து கருகியது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி வந்த ஒருவரால்தான் இது வந்தது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவர் வீட்டாரைக் குழாயடிக்குக்கூட விடவில்லை. மேடம் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுத்து, பெட்டியை என்னிடம் கொடுத்து மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்ற நோயாளிகளைப் பார்க்க அங்கேயே தங்கினார். வழியில் ஒரு காய்கறி லாரி கவிழ்ந்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. ஐஸ் கரைந்திருக்குமோ என்று தோன்றியது. மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு குழாயாக எடுத்து, சில்லென்று இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்தேன்.

சூடேறிவிட்டது, எதிலும் முடிவு சொல்ல முடியாது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். “வழியில தொறந்தீங்களாண்ணே?” என்று மேடம் கேட்டார். இல்லை என்றேன். பிறகு மேலதிகாரிக்கு போன் போட்டு, ஐஸ் பத்தாமல் வைத்துவிட்டேன், என் தப்புதான் என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி அதே ஊர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நாள் கடந்துவிட்டது. புதிதாகக் காய்ச்சல் கண்டவர்கள், “அம்புட்டு ரத்தத்தையும் பாழாக்கிட்டு இன்னும் கேக்க வாரீகளா?” என்று கதவைச் சாத்தினார்கள். கை நீட்டியது ஒரே ஒருத்திதான். அந்த ஆட்டுக்காரரின் மனைவி. முந்தின நாள்தான் அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. “எடுங்கம்மா. எங்க மேல விழுந்த பழி போனாப் போதும்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏண்ணே, இந்தத் தடவையாச்சும் ஐஸ் இருக்கா? இல்ல, என் ரத்தத்தையும் வத்தலாக் காயப் போடப் போறீகளா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மேடம் மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, பெட்டியை என் பக்கமே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். சின்னாளபட்டிப் பிரிவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினேன்.

“மேடம், அன்னைக்கு நான்தான் தொறந்தேன். அஞ்சு தடவ.”

“ஏழு தடவண்ணே. உள்ள வெப்பமானி ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கு.”

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டேனே, நீங்கதான் இல்லன்னீங்க. வண்டிய எடுங்கண்ணே, ஐஸ் கரையுது.”

அந்த ஒரே குழாயில் விடை கிடைத்தது. கொசுவால் வந்த காய்ச்சல். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வீட்டாரை மறுபடி குழாயடியில் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆட்டுக்காரர் அதற்குள் தன் ஆடுகளை எல்லாம் விற்றிருந்தார். முதல் பன்னிரண்டு குழாய்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் விற்றிருக்க மாட்டார். இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆராய்ச்சித் திட்டம் முடிந்து அலுவலகத்தைக் காலி செய்த அன்று, மேடம் காலிப் பெட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டி என்னிடம் நீட்டினார். “உள்ள ஒண்ணுமில்லண்ணே. தொறந்து பாக்காம வச்சிருக்க முடியுதான்னு பாருங்க.” அவரும் களைத்துத்தான் போயிருந்தார். இப்போது எங்கோ வடக்கே, வேறு ஏதோ காய்ச்சலின் பின்னால் அலைகிறார்.

இந்த மழைக்கு எங்கள் தெருவிலும் காய்ச்சல். என் மனைவி படுத்து இன்றோடு மூன்று நாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு நாளைக் காலையில்தான் வரும். காலையிலிருந்து எத்தனை தடவை அவள் நெற்றியைத் தொட்டிருப்பேனோ தெரியாது. “நீங்க தொட்டுத் தொட்டுப் பாத்தே எனக்குச் சூடு ஏறுது. பேசாம உக்காருங்க” என்றாள். எழுந்து பீரோ பக்கம் போனேன். பெட்டியில் பிளாஸ்திரியின் ஒரு முனை பிரிந்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வந்து உட்கார்ந்தேன்.