முதற் பாட்டுக்கு முன் ஏழு உரைகள்

என் மகளைக் கட்டிய மருமகன் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த மெக்சிக்கோக் குடும்பத்துப் பிள்ளை. தன்னைச் சிக்கானோ என்பான். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து, அதன்மேல் தன் ராப் வரிகளைச் சொல்லி, மூன்று வருடமாகக் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கிடந்து முதல் அல்பத்தை முடித்தான். முதற் பாட்டு, அவனுடைய அம்மா சனிக்கிழமைகளில் வீடு கூட்டும்போது போடுகிற இசைத்தட்டிலிருந்து எடுத்தது. அம்மா கேட்கும்வரை வேறு ஒருவருக்கும் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவருக்கோ முழங்கால் ஒப்பரேஷன், பயணம் செய்ய முடியாது. போனில்தான் பார்ப்பார்.

இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நான்தான் மூக்கை நுழைத்தேன். எங்கள் ஆட்களுக்கு வெளியீடு என்றால் விழாதான். விழாவுக்கு வாடகைக்கு ஒரு ஹோல் எடுத்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, ஆய்வுரை என்று நோட்டீஸ் அடித்தேன்.

என் மனிசி அதை வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பெடியன் எப்ப பாடுறது?" என்றாள்.

"கடைசியில பாடுவார். முதல்ல விழா நடக்கட்டும்."

மூன்று மணி விழா நாலேகாலுக்குத் தொடங்கியது. அது வழமை. ஏழு மணிக்கு ஹோலை விட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலைமையுரையில் நாற்பது நிமிடம் பேசினேன். சோல் இசையில் தொடங்கி, எப்படியோ நான் படித்த பள்ளிக்கூடத்து கிரிக்கெட் மட்சுக்குப் போய்விட்டேன். திரும்பிவர வழி தெரியவில்லை.

ஆய்வுரை ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவருடையது. பாட்டைக் கேட்கக் கிடைக்காததால் அவர் அல்பத்தின் அட்டைப் படத்தை ஆராய்ந்தார். "இதில ஒரு பழைய கார் நிக்குது. உதின்ர கதவு ஏன் திறந்து கிடக்குது எண்டு நாங்கள் யோசிக்க வேணும்" என்றார். இருபத்தைந்து நிமிடம் யோசித்தோம்.

மருமகன் பொன்னாடைகளுக்குள் தலை மட்டும் தெரிய இருந்தான். அவன் எழுந்து மைக்கைப் பிடிக்க, மணி ஏழு. அடுத்த ஆட்கள் பிறந்தநாள் பலூன்களோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஹோல்காரன் மைக்கை வாங்கிக்கொண்டு போனான்.

"பரவாயில்லை மாமா" என்றான் மருமகன். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான்.

மகள் விழா முழுக்கப் பிடித்திருந்த போனில் அவன் அம்மா ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். ராப் என்றால் பேசுவதுதானே, கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலமாக எங்கள் உரைகளைப் பாட்டென்றே நினைத்துக் கேட்டிருக்கிறார்.

மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: "மாமிக்கு எல்லாப் பாட்டும் பிடிச்சதாம் அப்பா. உங்கட பாட்டுத்தான் கொஞ்சம் நீளமாம். தன்ர மகன்ர எப்ப எண்டு கேக்கிறா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரையும் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய், என் வான் வண்டியின் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டேன். மகள் போனை பொனட்டில் சாய்த்து வைத்தாள். மருமகன் பொன்னாடைகளைக் கழற்ற மறந்து, அப்படியே பாடத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் வண்டி ஸ்பீக்கரில் அந்த இசைத்தட்டின் பழைய குரல் எழும்பியபோது, அம்மா போனுக்குள்ளிருந்து அதோடு சேர்ந்து பாடினார். பலூன்காரர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள்.

பாட்டு முடிந்ததும் வாத்தியார், "இரண்டு வார்த்தை" என்று தொண்டையைச் செருமினார். நான் அவருடைய கையைப் பிடித்து அமர்த்தினேன்.

"இன்னொருக்காப் பாடும், தம்பி" என்றேன்.